கோடைக் கிணற்றில் காத்திருக்கும் தண்ணீர்த் தவளை

உலகம் அறியாதவரைக் 'கிணற்றுத் தவளை' என்று இகழ்வது தமிழ்நாட்டில் பழைய வழக்கம். அந்த இகழ்ச்சிக்கு ஆளான தவளையை நின்று பார்த்தவர்கள் குறைவு. கோடை நண்பகலில் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால், நீர்மட்டத்தில் இரண்டிரண்டாகச் சிறு கண்கள் தெரியும். உடல் முழுதும் நீருக்குள் இருக்கும். கண்ணும் மூக்கு நுனியும் மட்டுமே வெளியே. மேலிருந்து ஒரு சிறு கல் உருண்டு விழுந்தால் போதும். தவளை உடனே மூழ்கிவிடாது. சிறுவர்கள் குளத்தில் ஓட்டாஞ்சில்லை வீசித் தத்த விடுவது போல, நீரின் மேலேயே நாலைந்து முறை தத்திச் சென்று எதிர்ச்சுவரை அடைந்து, மறுபடியும் கண்ணை மட்டும் நீட்டிக்கொண்டு மிதக்கும்.

நீரின் மேல் இவ்வாறு தத்தும் தவளைக்கு அறிவியலில் 'யூஃப்ளிக்டிஸ் சயனோஃப்ளிக்டிஸ்' என்று பெயர். 1799இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஷ்னைடர் என்ற அறிஞர் இதை முதன்முதலில் விவரித்து எழுதினார். பழைய பாடநூல்களில் 'ரானா சயனோஃப்ளிக்டிஸ்' என்று இருக்கும். இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், நேபாளம் எனப் பரவலாகக் காணப்படும் இத்தவளை ஏரி, குளம், கிணறு, பாசன வாய்க்கால், நெல் வயல் ஆகிய எல்லா நன்செய் நீரிலும் வாழ்கிறது. சற்றே உவர்ப்பான நீரையும் பொறுத்துக்கொள்ளும். ஊருக்கு ஊர் பெயர் மாறுவதால், இங்கே தண்ணீர்த் தவளை என்றே குறிப்பிடப்படுகிறது.

மழைக்கு வருவதும் நீரிலேயே கிடப்பதும்

வயல் தவளை என்றவுடன் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது முதல் மழைக்கு ஊரையே எழுப்பும் பெருந்தவளைதான். கோடை முழுதும் மண்ணுக்குள் புதைந்து கிடந்து, மழை கொட்டிய இரவில் வெளிவந்து, ஆண் தவளை எலுமிச்சை மஞ்சள் நிறம் கொண்டு, கன்னத்து நீலப் பைகளை உப்பி உரக்கக் கத்தும். சில நாட்களில் முட்டையிட்டு முடித்துவிடும். இதன் தலைப்பிரட்டைகள் ஐந்தாறு வாரத்தில் தவளையாகிவிடுகின்றன. மழைக் குட்டை வற்றுவதற்குள் வேலையை முடிக்கும் அவசர வாழ்க்கை அது.

தண்ணீர்த் தவளையின் வாழ்க்கை வேறு. அது கோடையிலும் உறங்குவதில்லை; நீர் உள்ள இடத்தைத் தேடிச் சென்று அங்கேயே விழித்திருக்கும். ஏரி வற்றினால் ஏரிக்குள் மிஞ்சிய பள்ளத்திலும், பள்ளமும் வற்றினால் ஈரச் சேற்றிலும் கல்லடியிலும், அருகில் கிணறு இருந்தால் கிணற்றிலும் தங்கும். ஆனி, ஆடியில் வாய்க்காலில் நீர் வந்ததும் முதலில் வயலுக்குள் இறங்குவது இந்தக் கோடைக் கூட்டம்தான். அடுத்த போகத்துக்குக் குதிரில் விதைநெல் எடுத்து வைப்பது போல, அடுத்த போகத்துத் தவளைகளுக்கு விதை இந்தக் கிணற்றிலும் குட்டையிலும் கிடக்கிறது. அந்த விதை அழிந்த ஊரில், மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்து வாய்க்கால் நிறைய நீர் வந்தாலும் குறுவை வயலில் இத்தவளை தென்பட நெடுநாள் ஆகும்.

இதை வேறு தவளைகளோடு குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. ஆண் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம், பெண் இரண்டரை அங்குலம் வரை வளரும். முதுகு சாம்பலும் பழுப்பும் பாசிப்பச்சையும் கலந்த நிறம், அதில் கரும்புள்ளிகள். வயிறு வெண்மை, அதிலும் சிலவற்றுக்குக் கரும்பொட்டுகள் உண்டு. தலை தட்டையானது. கண்கள் பக்கவாட்டில் இராமல் தலையின் மேல்புறத்தில் நெருங்கி அமைந்து வானத்தை நோக்கும். மிதந்தபடியே மேலே பறக்கும் பூச்சியையும், மேலிருந்து பாய வரும் மீன்கொத்தியையும் பார்க்க இந்த அமைப்பு உதவுகிறது. பின்காலைப் பிரித்துப் பார்த்தால் விரல் நுனிவரை சவ்வு இருக்கும். வரப்பில் தாவும் சிறு வயல் தவளைக்கு இவ்வளவு சவ்வு கிடையாது. அது வரப்புக்கும் நீருக்கும் பொதுவான உயிர். இது நீருக்கே உரியது. நிலத்தில் விட்டால் தடுமாறித் தாவும். மழை இரவில்தான் ஒரு நீர்நிலையிலிருந்து மற்றொன்றுக்கு நிலத்தின் வழியே போகும். கிணற்றுத் தவளைக்கு வெளியுலகம் தெரியாது என்பது அந்த இரவுகளில் பொய்யாகிறது.

தோலைப் பற்றி ஒரு செய்தியை உழவர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். தவளை வாயால் நீர் குடிப்பதில்லை. தோல் வழியே உறிஞ்சுகிறது. மூச்சின் ஒரு பகுதியும் தோல் வழியே நடக்கிறது. ஆகவே நீரில் எது கலந்தாலும் அது தவளையின் உடலுக்குள் செல்ல வாய் வேண்டியதில்லை. இருபத்து நான்கு மணி நேரமும் நீரில் ஊறிக் கிடக்கும் தண்ணீர்த் தவளைக்கு இந்த ஆபத்து மற்றத் தவளைகளை விட அதிகம்.

எதைத் தின்கிறது?

அசைவதும் வாய்க்குள் அடங்குவதுமான எதையும் தின்னும். நீர் வண்டு, நீர்ப்பூச்சி, ஈ, எறும்பு, வெட்டுக்கிளி, பிள்ளைப்பூச்சி, சிலந்தி, தும்பியின் இளம்பருவம், சிறு நத்தை, சிறு நண்டு ஆகியவை இதன் தீனி. நீருக்கு மேலே உள்ளதை நாக்கை வீசிப் பிடிக்கும்; நீருக்குள் இருப்பதைத் தாடையால் கவ்வும். விழுங்கும்போது கண்ணை மூடுவதைப் பலர் கவனித்திருக்கலாம். அது சுவைத்து மூடுவதன்று. கண்விழிகள் உள்ளே இறங்கி இரையைத் தொண்டைக்குள் தள்ளுகின்றன.

தவளை இருந்தால் மருந்தே வேண்டாம் என்று சிலர் பேசுவதும் எழுதுவதும் உண்டு. அது மிகை. தண்டு துளைப்பான் புழு தூருக்குள் இருக்கிறது. இலைச்சுருட்டுப் புழு இலையைச் சுருட்டி அதற்குள் இருக்கிறது. இரண்டும் தவளைக்கு எட்டாதவை. துளைப்பானின் அந்துப்பூச்சி தாழப் பறந்தால் அகப்படும், அவ்வளவுதான். மேலும், புகையானைத் தின்னும் சிலந்தியையும் தவளை தின்னும். அது நண்பன், பகைவன் என்று பார்த்து உண்பதில்லை.

ஆனால் புகையானின் சங்கதி வேறு. புகையான் தூரின் அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக அமர்ந்து சாறு உறிஞ்சுகிறது. தூரைத் தட்டினால் உதிர்ந்து நீரில் விழும். தெளிப்பானால் அடிக்கும் மருந்து எளிதில் சென்று சேராத இடம் அது. தண்ணீர்த் தவளை கண்ணை நீட்டிக்கொண்டு காத்திருக்கும் இடமும் அதுவே. வயலுக்குள் இப்படி இரவும் பகலும் காவல் கிடப்பவற்றில் சிலந்தி, நீர்மேல் ஓடும் பூச்சிகள், தவளை ஆகிய மூன்றும் அடங்கும். மூன்றில் எது தனியாக நின்றாலும் புகையான் வென்றுவிடும். மூன்றும் சேர்ந்திருக்கும் வயலில் அது பெருகத் திணறும்.

தவளையை மற்றவையும் தின்கின்றன என்பதை மறக்கக் கூடாது. தண்ணீர்ப் பாம்பு, மடையான், மீன்கொத்தி, விரால் ஆகியவற்றுக்கு இது அன்றாட உணவு. ஏரியில் விரால் பிடிப்பவர்கள் தூண்டிலில் சிறு தவளையைக் கோப்பது இந்த உறவைக் கண்டறிந்துதான்.

ஆண்டு முழுதும் முட்டை

தார்வாடில் உள்ள கர்நாடகப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இத்தவளையின் சினைப்பையை மாதந்தோறும் சோதித்துப் பார்த்தனர். பெருந்தவளையின் சினை ஆண்டுக்கு ஒரு முறை மழையை ஒட்டி முதிர்கிறது. தண்ணீர்த் தவளையிலோ, எந்த மாதம் பார்த்தாலும் வெவ்வேறு வளர்ச்சி நிலையில் முட்டைகள் இருந்தன. நீரும் தீனியும் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் முட்டையிட இது தயார். மழைக்காலத்தில் அதிகம் இடும் என்றாலும், வற்றாத குளத்தில் கோடையிலும் தலைப்பிரட்டைகளைக் காணலாம்.

ஆண் தவளை மிதந்தபடியே கத்தும். தொண்டையின் இருபுறமும் இரண்டு பைகள் உப்பும். பெருந்தவளையின் முழக்கம் அன்று இது. உலர்ந்த நெற்றைக் குலுக்கியது போலக் கரகரவென்று விட்டுவிட்டு ஒலிக்கும். பகலிலும் கேட்கலாம். பெண் இடும் முட்டைகள் பசைபோன்ற பொருளில் பொதிந்து நீர்ச்செடிகளில் ஒட்டியோ மிதந்தோ கிடக்கும். ஓரிரு நாளில் பொரித்துவிடும்.

தலைப்பிரட்டை பாசியையும் அழுகிய இலைதழைகளையும் சுரண்டித் தின்று வளர்கிறது. இதன் தலைப்பிரட்டை பெரியது. உடலும் வாலும் சேர்த்து இரண்டு அங்குலத்துக்கு மேல் வளர்வது உண்டு. அவ்வளவு வளர நாளும் பிடிக்கிறது. நீரின் வெப்பத்தையும் தீனியையும் பொறுத்து ஏறத்தாழ இரண்டு மாதம், சில வேளை அதற்கு மேலும் ஆகும். உழவர்கள் கருத்தில் கொள்ள வேண்டிய கணக்கு இங்கேதான் இருக்கிறது.

ஆடுதுறை 43 போன்ற குறுகிய கால நெல்லின் வயது 110 நாள். நாற்றங்காலில் 25 நாள் போக நடவு வயலில் 85 நாள். அறுவடைக்கு முன் 10 முதல் 15 நாள் நீரை வடிக்க வேண்டும். மிஞ்சுவது 70 அல்லது 75 நாள். தலைப்பிரட்டைக்கு 60 நாள் வேண்டுமென்றால், நட்ட முதல் 10, 15 நாளில் இடப்பட்ட முட்டை மட்டுமே அந்த வயலில் தவளையாகித் தப்ப முடியும். அதற்குப் பின் இட்டவை அறுவடைக்கு முன் சேற்றில் காய்ந்து போகும். இதுவும் வயலில் ஒரு நாள்கூட நீர் வற்றாமல் இருந்தால்தான்.

இன்று அப்படி யாரும் நீர் கட்டுவதில்லை, கட்டவும் கூடாது. கட்டிய நீர் மறைந்த பின் மறுபடி 2 அங்குல உயரம் பாய்ச்சும் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' முறையே நீரைச் சேமிக்கிறது, வேருக்கும் காற்றோட்டம் தருகிறது. திருந்திய நெல் சாகுபடியிலும் இதுவே நடைமுறை. புகையான் தென்பட்டால் நீரை வடித்து 3, 4 நாள் காயவிடச் சொல்வதும் சரியான பரிந்துரையே. ஆனால் ஒவ்வொரு காய்ச்சலிலும் என்ன நடக்கிறது என்பதை மாலையில் வயலைச் சுற்றி வருபவர் காணலாம். நீர் சுருங்கச் சுருங்கத் தலைப்பிரட்டைகள் கால்தடப் பள்ளங்களில் கருப்பாகக் குவிகின்றன. காகமும் மைனாவும் கொக்கும் அவற்றைக் கொத்தித் தீர்க்கின்றன. மிஞ்சியதை வெயில் தீர்க்கிறது. பயிருக்கு நல்லதான முறை தலைப்பிரட்டைக்குச் சாவாக முடிகிறது.

மடையடியில் ஒரு குழி

இதற்காக நீர்ச் சிக்கனத்தைக் கைவிட வேண்டியதில்லை. ஓர் ஏக்கர் வயலில், மடைவாய்க்கு அருகே தாழ்வான மூலையில் 6 அடி நீளம், 3 அடி அகலம், 2 அடி ஆழத்தில் ஒரு குழி வெட்டினால் போதும். 18 சதுர அடி என்பது ஒரு சென்ட்டில் இருபத்து நான்கில் ஒரு பங்குதான். வயல் பக்கத்துக் கரையைச் செங்குத்தாக விடாமல் சரிவாகச் சீவிவிட வேண்டும். நீர் வடியும்போது தலைப்பிரட்டைகள் சரிவின் வழியே தாமே குழிக்குள் இறங்கிவிடும். மறுபாய்ச்சலில் மீண்டும் வயலுக்குள் பரவும். நெல்லோடு மீன் வளர்ப்பவர்கள் வயலின் ஓரத்தில் வாய்க்கால் வெட்டுவதும் இதே காரணத்துக்காகத்தான். குழியின் மேல் நாலைந்து தென்னை மட்டையோ கருவேல முள்ளோ போட்டு வைத்தால் கொக்குக்கு எட்டாது.

நடவுக்கு முன் பரம்படிக்கும்போதே இக்குழியை வெட்டிவிட வேண்டும். வெட்டிய மண்ணை வரப்புக்கு அணைக்கலாம். நீரை வடிக்கும்போது ஒரேயடியாக மடையை வெட்டிவிடாமல் பொழுது சாயும் நேரத்தில் சிறுகத் திறந்து இரவு முழுதும் வடியவிட்டால் தவளைக்கும் தலைப்பிரட்டைக்கும் நகர நேரம் கிடைக்கும். ஒரே நாளில் பக்கத்து வயல்கள் எல்லாவற்றையும் காயவிடாமல் மாற்றி மாற்றிக் காயவிடுவது இன்னும் நல்லது. ஆனால் மடை முறை வைத்துப் பாய்ச்சும் இடங்களில் அது எல்லாருக்கும் கூடி வராது.

மருந்தும் தவளையும்

தலைப்பிரட்டைக்கும் மீனுக்கும் பெரும் நஞ்சாக இருந்த எண்டோசல்ஃபானை 2011இல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. அதனால் ஆபத்து ஒழிந்துவிட்டது என்று எண்ணிவிடலாகாது. வயல்நீரில் தூவப்படும் குருணை மருந்துகளில் நரம்பைத் தாக்கும் வகைகள் பூச்சிக்கும் தவளைக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. நட்ட 3ஆம் நாள் நிற்கும் நீரில் இடப்படும் பியூட்டாகுளோர் போன்ற களைக்கொல்லியும் தலைப்பிரட்டைக்குக் கேடானது. அது இடும் நாளும் தவளையின் முதல் முட்டை வயலில் விழும் நாளும் ஒன்றாகிவிடுகின்றன. ஆட்கள் கிடைத்தால் கோனோ களைக்கருவியை ஓட்டுவது இரண்டுக்கும் நல்லது. கிடைக்காதபோது களைக்கொல்லி இட்டே ஆக வேண்டியிருக்கும். அப்போது மருந்து கலந்த நீரை 2, 3 நாள் வயலிலேயே கட்டி வைக்க வேண்டும். வாய்க்காலில் வடித்துவிடக் கூடாது. களை கட்டுப்படுவதற்கும் அதுவே தேவை. மடையடிக் குழியைச் சுற்றி அந்த மூன்று நாளும் ஒரு சிறு வரப்புப் போட்டு மூடிவிட்டால் குழி நீர் தப்பும்.

புகையானுக்கு மருந்து அடிக்க வேண்டுமா என்பதைப் பக்கத்து வயல்காரர் அடிப்பதைப் பார்த்து முடிவு செய்யலாகாது. தூரை விலக்கி எண்ணிப் பார்க்க வேண்டும். சிலந்தி இல்லாத வயலில் சிம்புக்கு 1 புகையான், குத்துக்கு 1 சிலந்தி இருக்கும் வயலில் சிம்புக்கு 2 புகையான் என்ற அளவை எட்டினால் மட்டுமே மருந்து தேவை. அதற்குக் குறைவாக இருக்கும்போது அடித்தால் காவல் முதலில் சாகும்; புகையான் பின்னர் கூடுதலாக வரும். செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகள் இப்படிப் புகையானைப் பெருக வைப்பதால் அவற்றை நெல்லில் தவிர்க்குமாறு பரிந்துரைக்கப்படுகிறது. நடும்போதே 8 அடிக்கு ஒன்றாக 1 அடி இடைவெளிப் பாதை விட்டால் தூரடியில் வெளிச்சமும் காற்றும் புகுந்து புகையான் குறையும்; எண்ணிப் பார்க்கவும் வழி கிடைக்கும்.

அடிக்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், முதல்நாள் மாலையே நீரை வடித்துவிட்டு மறுநாள் தூரை நோக்கி அடிக்க வேண்டும். தவளைகள் இரவோடு வாய்க்காலுக்கும் குழிக்கும் விலகியிருக்கும். குழியின் மீது மருந்து விழாமல் நாலடி விட்டு அடிப்பது அடிப்பவரின் கையில் இருக்கிறது.

தவளைகள் சாகும் வேறோர் இடமும் உண்டு. அது கிணற்றடி. மருந்தைக் கலப்பதும், மிச்சத்தைக் கொட்டுவதும், தெளிப்பானைக் கழுவுவதும், காலிப் புட்டியை எறிவதும் தொட்டியருகிலும் கிணற்று மேட்டிலுமே நடக்கின்றன. அந்த நீர் கசிந்து கிணற்றுக்குள்தான் இறங்கும். வயலில் நஞ்சு பரந்து நீர்த்துப் போகிறது. கிணற்றிலோ கோடைக் கூட்டம் முழுதும் ஒரே இடத்தில் கிடக்கிறது. ஒரு முறை கழுவிய நீர் ஓர் ஆண்டுத் தவளை விதையை முடித்துவிடக்கூடும். அதே கிணற்று நீரைத்தான் மாடும் குடிக்கிறது. தெளிப்பானை மருந்து அடித்த வயலிலேயே கழுவி, அந்த நீரையும் அங்கேயே தெளித்துவிட வேண்டும். வேப்ப எண்ணெய் அடித்த தெளிப்பானானாலும் குளத்தில் கழுவக் கூடாது. வேம்பு என்பதற்காகத் தலைப்பிரட்டை பிழைத்துவிடாது.

பச்சைத் தவளை பட்ட பாடு

தண்ணீர்த் தவளைக்கு ஒரு பெரிய உறவினர் உண்டு. தாமரையும் அல்லியும் படர்ந்த குளங்களில், முதுகு இலைப்பச்சையாக, நடுவே வெளிறிய கோட்டுடன் மிதக்கும் பச்சைக் குளத்தவளை அது. 1834இல் லெஸ்ஸன் என்ற பிரெஞ்சு அறிஞர் புதுச்சேரிக் குளங்களில் கிடைத்ததைக் கொண்டு 'ஆறு விரலுடையது' என்ற பொருளில் ஹெக்சாடாக்டைலஸ் என்று பெயரிட்டார். விலங்கியல் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பல தலைமுறையாகப் பாடநூலில் படித்த தவளை இதுதான். தவளைகளில் அரிதான ஒரு பழக்கம் இதற்கு உண்டு. குட்டிப் பருவத்தில் பூச்சி தின்று, வளர்ந்த பின் நீர்ச்செடிகளின் இலையைப் பெருமளவு தின்கிறது என்று 1996இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இந்தப் பச்சைத் தவளையும் பெருந்தவளையும் ஒரு காலத்தில் அந்நியச் செலாவணி ஈட்டின. வெளிநாட்டு உணவு விடுதிகளுக்காக இந்தியாவிலிருந்து தவளைக் கால்கள் உறைய வைத்து அனுப்பப்பட்டன. 1981இல் மட்டும் 4,000 டன்னுக்கு மேல் ஏற்றுமதியாயின. மழை இரவுகளில் விளக்கு வெளிச்சத்தில் சாக்குச் சாக்காகப் பிடித்தார்கள். பிடித்தவருக்குக் கிடைத்தது சொற்பக் கூலி. 1985இல் இவ்விரு இனங்களும் பன்னாட்டு வாணிபக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 1987இல் இந்திய அரசு தவளைக்கால் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. தண்ணீர்த் தவளை சிறியது. கால்களில் சதை குறைவு. அதனால் அந்த வேட்டையிலிருந்து பெரும்பாலும் தப்பியது. சாக்குப் பையிலிருந்து தப்பியதைக் கிணற்றடியில் கழுவிய நீரும் வற்றிய கிணறும் இன்று நெருக்குகின்றன.

கிணறும் குட்டையும்

ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகிய பின் பல வட்டங்களில் திறந்த கிணறுகள் கோடைக்கு முன்பே வற்றுகின்றன. சிலர் மண் கொட்டி மூடியும் விட்டார்கள். அவற்றுக்குப் பதிலாகப் பண்ணைக் குட்டைகள் வருவது நல்ல செய்தி. ஆனால் கசிவைத் தடுக்கப் பாலித்தீன் தாள் விரித்த குட்டையில் ஒரு குறை இருக்கிறது. சரிவான வழுக்குத் தாளில் தவளைக் குஞ்சு ஏற முடியாது. அணிலும் ஓணானும்கூட விழுந்தால் கரையேற முடியாது. பழைய தென்னங்கயிற்றை முடிச்சுப் போட்டோ, தென்னை ஓலைத் தட்டி ஒன்றையோ ஒரு மூலையில் கரையிலிருந்து நீருக்குள் தொங்கவிட்டால் அந்தக் குறை தீரும். ஒரு மூலையில் நாலு கூடைக் கருங்கல்லைச் சரித்து வைப்பது இன்னும் உறுதி. தாள் கிழியாமல் அடியில் பழைய சாக்கை விரித்துக்கொள்ள வேண்டும்.

கொசு ஒழிப்புக்கென்று கம்பூசியா மீனைக் கிணற்றிலும் குட்டையிலும் விடுவது உண்டு. அம்மீன் கொசுப்புழுவோடு நிற்பதில்லை; தவளை முட்டையையும் இளந்தலைப்பிரட்டையையும் தின்னும். திலேப்பியாவும் அப்படித்தான். குடிநீர்த் தொட்டிக்கும் ஊர்க் கிணற்றுக்கும் கம்பூசியா வேண்டியிருக்கலாம். வயல் நடுவே உள்ள பாசனக் கிணற்றுக்குத் தேவையில்லை. ஆகாயத் தாமரை குளம் முழுதும் மூடினால் தவளைக்கும் மூச்சு முட்டும். அதை வாரி எடுக்கும்போது கரையோரத்துக் கோரையையும் அல்லியையும் சேர்த்து வழித்துவிடாமல் ஒரு பக்கம் விட்டு வைக்க வேண்டும். முட்டை ஒட்டுவது அங்கேதான்.

தூர் வாரும் காலத்தில் ஒரு கவனம் தேவை. கிணற்றையும் குட்டையையும் பங்குனி, சித்திரையில்தான் தூர் வார முடியும். தவளைகள் அங்கே குவிந்து கிடப்பதும் அப்போதுதான். கடைசி நீரை இறைத்து வெளியேற்றுமுன் இரண்டு குடம் நீரை ஒரு தொட்டியில் எடுத்து, அகப்படும் தவளைகளையும் தலைப்பிரட்டைகளையும் அதில் விட்டு நிழலில் வைத்து, ஊற்று ஊறியதும் திருப்பி விடலாம். பிள்ளைகளிடம் சொன்னால் அரை மணி நேரத்தில் இந்த வேலையை ஆர்வத்தோடு முடித்துவிடுவார்கள். தவளையைத் தொட்டால் மரு வரும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை. மருந்து பட்ட கையோடும் உப்புக் கையோடும் தவளையைத் தொடக் கூடாது என்பதுதான் முக்கியம்.

குறுவை அறுவடைக்கு முன் கடைசி நீரை வடிக்கும் வேளையில் மடையடிக் குழியில் ஒரு கையளவு நீரை அள்ளிப் பார்க்க வேண்டும். தலைப்பிரட்டைக்கு முதலில் பின்கால்கள் முளைக்கும். அந்நிலையில் அது இன்னும் நீருக்குள்ளேயே இருந்தாக வேண்டியது. முன்கால்களும் வெளிவந்து வால் சுருங்கத் தொடங்கிவிட்டால் இனித் தாவிச் சென்று பிழைத்துக்கொள்ளும். பின்கால் மட்டுமே உள்ளவை அதிகமாக இருந்தால், வயலை வடித்துவிட்டுக் குழியில் மட்டும் இன்னும் பத்துப் பதினைந்து நாளுக்கு இரண்டு குடம் நீர் ஊற்றி வரலாம். அறுவடை இயந்திரம் இறங்கும் வயலானால் குழியின் நான்கு மூலையிலும் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட வேண்டும். இல்லையேல் இயந்திரத்தின் சக்கரம் அதில் இறங்கிவிடும்.